ஊதிக் காட்டும் நாள்

இன்றைக்கு ஊதிக் காட்டும் நாள் என்பதால் சொரிமுத்து நேற்று மத்தியானத்திலிருந்து பீடியைத் தொடவில்லை. இதை ஒருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, ஏனென்றால் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் ஆடி பிறந்ததோடு பீடியை விட்டுவிட்ட மனுசன். பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில், பல் பிரிவையும் தாண்டி, நடைபாதை முடிகிற இடத்தில் புகை நிறுத்தும் பிரிவு. அதன் வாசலில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து அவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தூக்கக் கொட்டாவி இல்லை அது. பீடி கேட்கிற கொட்டாவி எது என்று அவருக்குத் தெரியும். தாடைக்கு அடியிலிருந்து கிளம்பி, கண்ணில் நீரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கேட்டது கிடைக்காமல் திரும்பிப் போகும். நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. விழுங்கினார். மறுபடி ஊறியது. எதிர்ச் சுவரில் கரி பிடித்த நுரையீரல் படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள், பார்த்துப் பயப்படட்டும் என்று. பயந்தால்தான் பீடியை ரொம்பத் தேடும் என்று மாட்டின புண்ணியவானுக்குத் தெரியாது போல. கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு யார் பிள்ளையோ ஒன்று நடைபாதையில் மேலும் கீழும் ஓடியது. அந்தச் செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன என்று நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார், வெட்கப்பட்டு முடிப்பதற்குள் மனசுக்குள் மறுபடியும் எறிந்தார். உள்ளே மேசை மேல் ஊதும் மிஷின் இருக்கும். அட்டைக்குழலை வாயில் வைத்து மூச்சைப் பிடித்து ஊதினால், பீடி குடித்தவனா குடிக்காதவனா என்று எண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் முதல் தடவை சொன்னார்கள். அந்தப் பயத்தில் முதல் தடவை முந்தின நாளே நிறுத்திவிட்டு வந்து ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது. டாக்டரம்மா குழந்தை மாதிரி கைதட்டினார். மிஷினுக்கு ஞாபகசக்தி ஒரு நாள்கூடக் கிடையாது என்ற விஷயம் அன்றைக்கு அவருக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி ஒரு நாள் மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டு வருகிறார். ஏமாற்றுவதற்கென்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க முடிகிறது. தன் வலது காலைக் காப்பாற்றிக்கொள்வதற்கென்றால் அரை மணி நேரம் முடியவில்லை. இது என்ன கூறு கெட்ட உடம்பு. உடம்பைச் சொல்லி என்ன செய்ய, உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது, வாய்தான் சொல்கிறது.

பக்கத்தில் ஆவுடை ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டில் பெண்ணுக்குத் தாயார் உட்கார்ந்திருப்பாளே, அந்த மாதிரி ஒரு நிமிர்வு. இந்த பெஞ்சுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் குனிந்துதான் உட்காருவார்கள், புருசன் விடவில்லை, மகன் விடவில்லை என்று. இவள் மட்டும்தான் விட்ட ஆளின் பெண்டாட்டி. பக்கத்தில் உட்காருகிறவளிடம் கேட்காமலே சொல்லிவிடுவாள். போன தடவை ஒரு கிழவரின் மருமகளிடம், “எங்க வீட்டு ஐயா விட்டுட்டாவ, எல்லாம் மனசுதான்,” என்று அவள் சொன்னபோது சொரிமுத்து எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார். மனசுதான். அவளுக்கு எப்படி வாடை தெரியாமல் இருக்கிறது என்று முதலில் அதிசயப்பட்டிருக்கிறார். பிறகு புரிந்தது. பாவாடை கட்டின வயதிலிருந்து மடியில் சுளவு முறத்தை வைத்துப் பீடி சுற்றினவள். புகையிலைத் தூள் அவள் தலைமுடியில், சோற்றில், தலையணையில், பிள்ளைக்குக் கொடுத்த பாலில்கூட இருந்திருக்கும். மீன்காரிக்கு மீன் நாறுமா. கல்யாணமான புதிதில் அவள் விரல்நுனிகளை மோந்து பார்ப்பார், காரமாக மூக்கில் ஏறும், அவள் சிரித்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்வாள். பீடிக்கடையில் சரியில்லை என்று கழித்துவிடுகிற பீடிகளை அவள் தனியாக ஒரு டப்பாவில் போட்டு அவருக்கு வைப்பாள். மினிபஸ் ஓட்டப் போகும்போது சட்டைப்பையில் சோற்றுக்குத் தொடுகறி வைப்பது மாதிரி வைத்து அனுப்புவாள். ஊரில் எத்தனை பேர் பீடி குடிக்கிறான், பெண்டாட்டி கையால் சுற்றினதை எத்தனை பேர் குடிக்கிறான் என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பீடிதான். வலது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்து, ரத்தக்குழாய் அடைப்பு என்று சொல்லி, இரண்டையும் எடுத்து, கட்டோடு அவரை வார்டில் கொண்டுவந்து போட்ட அன்று ஆவுடை கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “என் கையாலல்லா உங்க விரலத் தின்னுருக்கேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் ஊருக்குப் போய்ச் சுளவைக் கழுவி அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, இலையையும் தூளையும் கடையிலேயே திருப்பி இறக்கிவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அப்பளக் கம்பெனியில் உளுந்து மாவை இடித்துப் பிசைகிறாள், தோள் வலிக்கிறது என்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்கிறாள், அதுவரை சும்மா இருந்த மனுசியா அவள், உட்கார்ந்த இடத்தில் விரல் மட்டும் அசைகிற வேலை பார்த்தவள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது. சுளவைக் கொடுத்துட்டியே, அது வீண் என்றா. உன் பீடியை விட்டுவிட்டுக் கடைப் பீடி வாங்கிக் குடிக்கிறேன் என்றா.

ஷூவுக்குள் கால் எரிந்தது. எரிகிறது என்று சொல்வதும் சரியில்லை. மற்ற விரல்களெல்லாம் எரிந்தன, நடுவிரல் மட்டும் அங்கே இல்லாதது போலச் சும்மா இருந்தது. அதுதான் பயம். வலிக்கிறவரைக்கும் உங்களது, வலி நின்றால் எங்களது என்று சர்ஜன் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், சிரிக்காமல் பேசுவார். “பீடி நின்னா இத்தோட நிக்கும். நிக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கவேண்டி வரும். வேற வழி கிடையாது,” என்று ஒரு மர வியாபாரி அளவு சொல்கிற மாதிரி கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். வலது கால். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் அந்தக் காலில்தான். கால் நன்றாகிவிட்டால் திரும்ப வண்டியில் ஏறலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அந்த வண்டியை இப்போது வேறொருத்தன் ஓட்டுகிறான், கியரைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறான், வீட்டிலிருந்தே சத்தம் கேட்கிறது. நடுவிரலின் நகத்தடியில் கறுப்பு வந்ததை அவர் போன வாரம்தான் பார்த்தார். மசியாக இருக்கும் என்று தேய்த்தார். எண்ணெய் போட்டுத் தேய்த்தார். மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொள்ளத் தொடங்கினார், சிமிண்டுத் தரை குளிர்கிறது என்று. நெல்லைச் சீமையில் ஆவணி வெயிலில் தரை குளிர்கிறதாம், அதையும் ஆவுடை நம்பினாள். நடக்கவேண்டும், நடந்தால் ரத்தம் இறங்கும் என்று சர்ஜன் சொன்னதை நம்பி, விடியற்காலையில் அவரை எழுப்பி, கையில் குச்சியைக் கொடுத்து அனுப்புகிறதும் அவள்தான். அவர் நடக்கிறார். வாய்க்கால் மதகுவரை நடக்கிறார். மதகுச் சுவரின் மேல் உட்கார்ந்து, சட்டையை ஏற்றி, பீடி ஆசையை அடக்குவதற்காகப் புஜத்தில் ஒட்டியிருக்கிற மருந்துப் பட்டையைப் பிய்த்து எடுப்பார். பட்டையோடு சேர்த்துக் குடித்தால் ரெண்டு மருந்தும் ஒன்றுகூடி நெஞ்சை அடைத்துவிடும், ஆள் மதகிலேயே சாய்ந்துவிடுவான் என்று சாயாக்கடையில் ஒருத்தன் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லியிருந்தான். காலுக்குப் பயப்படாதவர் நெஞ்சுக்குப் பயந்தார். பட்டையை மதகின் கல்லில் ஒட்டி வைத்துவிட்டுக் குடிப்பார். குடித்து முடித்து மறுபடி ஒட்டினால் ஒட்டாது, மண்ணும் எறும்பும் சேர்ந்திருக்கும், மேலே வேறு பிளாஸ்திரி போட்டு அழுத்துவார். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தைப் பாதி நேரம் அவர் உடம்பும் பாதி நேரம் மதகும் சாப்பிட்டன. மதகு பீடியை விட்டிருக்கும். ஒருநாள் திரும்பி வந்து மூச்சிரைப்போடு வாசலில் உட்கார்ந்தபோது மகள் நிவேதா தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டினவள் அப்படியே நின்றாள். மூச்சை ஒருதரம் இழுத்தாள். பீடிவாடை வீட்டைவிட்டுப் போன பிறகு அவளுக்கு மூக்குத் திறந்துகொண்டது போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை அவள். உள்ளே போய் ஏலக்காய் ரெண்டு எடுத்துவந்து அவர் கையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அலமாரியில் ஏலக்காய் டப்பா எப்போதும் நிறைந்திருக்கிறது, யார் நிரப்புவது என்று அவர் கேட்டதில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவிடம் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பெற்ற பிள்ளையைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்தாயிற்று.

நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து, “மிக்கேல்ராஜ்! மிக்கேல்ராஜ் யாரு?” என்று கூப்பிட்டாள். பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த ஆள் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் சிமிண்டு, கொத்தனார் என்று முகத்தில் எழுதியிருந்தது. எழுந்த வேகத்தில் இருமல் வந்து, சுவரைப் பிடித்து இருமி முடித்துவிட்டு உள்ளே போனார். கதவு கிடையாது, பச்சைத் திரைதான், அதுவும் பாதிக்குமேல் மூடாது. உள்ளே பேசுகிறது பெஞ்சுவரைக்கும் கேட்கும். கேட்காத மாதிரி எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். டாக்டரம்மா நஸ்ரின் என்னமோ கேட்டார். “நிப்பாட்ட முடியல டாக்டர்,” என்றார் மிக்கேல், கட்டடச் சாரத்தின் மேலிருந்து கீழே நிற்கிறவனிடம் சொல்கிற சத்தத்தில். “பொய் சொல்லி என்னத்துக்கு. நேத்தைக்கு மட்டும் ஒரு கட்டு குடிச்சிருக்கேன்.” சொரிமுத்துவுக்குத் தோள் குறுகியது, திட்டு தன் மேல் விழப்போவது போல. திட்டு விழவில்லை. “சரி. எந்த நேரத்துல ரொம்பத் தேடுது?” என்றார் டாக்டர். “காலைல டாக்டர். சாரத்துல ஏறுததுக்கு முந்தி ஒண்ணு குடிக்கலைன்னா கை நடுங்குது.” “பேட்ச் ஒட்டுறீங்களா?” “ஒட்டுதேன். குடிக்கும்போது மட்டும் பிச்சு எடுத்துருதேன். ரெண்டும் சேந்தா நெஞ்சு அடைச்சிரும்னு சொன்னாவ.” “யாரு சொன்னது?” “சாயாக்கடையில.” பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சொரிமுத்து தன் ஷூவைப் பார்த்தார். “சாயாக்கடைக்கு நான் ஒருநாள் வந்து பேசணும்,” என்றார் டாக்டர். “கழட்டாதீங்க. தப்பிப்போய் ஒண்ணு குடிச்சாக்கூட பேட்ச் உடம்புல அப்படியே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. கழட்டிக் கழட்டி ஒட்டினா மருந்து எப்படி வேலை செய்யும்? அதுவும்போக உங்களுக்கு அளவு பத்தல. பெரிய பேட்ச் எழுதுறேன். கூடவே மெல்லுற கம்மும் தாரேன். பபிள்கம் மாதிரி மென்னு முழுங்கக் கூடாது, நாலு கடி கடிச்சுட்டுக் கன்னத்துல ஒதுக்கி வச்சிரணும். சாரத்துல ஏறுறதுக்கு முந்தி அதை வாயில போடுங்க. அதுலயும் கேக்கலைன்னா மாத்திரை இருக்கு, மாத்திப் பாப்போம்.” பிறகு மிக்கேல் கேட்டார்: “ஏச மாட்டியளா டாக்டர்?” “எதுக்கு ஏசணும்? சுகர் குறையலைன்னா மாத்திரையைக் கூட்டுறோம்லா? இதுவும் அதுதான். குறையலைன்னு நீங்க சொன்னாத்தான எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதானா. சொரிமுத்துவுக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு லேசாகவா இருந்தது இது. கொத்தனார் உள்ளே போனார், முடியல என்றார், பெரிய பட்டையும் வாயில் ஒதுக்குகிற மருந்தும் வாங்கிக்கொண்டார். எழுந்து நிற்கச் சொல்லவில்லை, பெண்டாட்டியைக் கூப்பிட்டு வைத்து விசாரிக்கவில்லை. அதே பட்டையை, அதே சாயாக்கடையை நம்பி, அதே மாதிரி பிய்த்தவர்தான் அவரும். சொரிமுத்துவோ விட்டாச்சு விட்டாச்சு என்று சொல்லிச் சொல்லி, பெரிய பட்டையிலிருந்து நடுப்பட்டைக்கு இறக்கிக்கொண்டார். இறக்கின அன்றைக்கு டாக்டரம்மா அதை ஒரு பரிசு மாதிரி கொடுத்தார். பத்தாத மருந்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். இன்றைக்கு இன்னும் சின்னதுக்கு இறக்குவார்கள். அதற்கப்புறம் அதுவும் கிடையாது. அதற்கப்புறம் மதகும் பீடியும் கறுப்பும்தான், கறுப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும், சர்ஜன் குறுக்கே கையை வைத்துக் காட்டுவார். சொல்லிவிடவேண்டும். இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். என்னவென்று தொடங்குவது? டாக்டர், நான் விடவில்லை. சரிதான், அடுத்து? அப்போ மிஷின் எப்படிப் பச்சை காட்டுது என்பார். அதற்குப் பதில் சொல்லவேண்டும். நேற்று மத்தியானத்திலிருந்து குடிக்கலை டாக்டர். ஏன் குடிக்கலை? ஏமாத்துறதுக்கு. இந்த இடத்தில்தான் வாக்கியம் மாட்டிக்கொண்டது. முடியல என்பது வேறு, ஏமாத்தினேன் என்பது வேறு. மிக்கேல் சொன்னது முதலாவதை. இரண்டாவதுக்கும் மருந்து இருக்கிறதா. வேறு மாதிரி சொல்லலாம். ரெண்டு நாளாகத்தான் மறுபடி ஆரம்பிச்சிருக்கு டாக்டர், என்று சொல்லலாம். பாதிப் பொய். பாதிப் பொய் சொன்னாலும் பெரிய பட்டை கிடைத்துவிடும். ஆனால் ஆவுடை உள்ளே இருந்தால் அந்தப் பாதியும் வராது. அவள் கைகளைப் பார்த்தார். உளுந்து மாவு நகத்தோரத்தில் வெள்ளையாக இருந்தது, முன்னே மாதிரி பழுப்பு இல்லை. “ஏட்டி, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன். காலைலருந்து ஒண்ணும் குடிக்கலைல்லா,” என்றார். “உங்களுக்கு வாங்கிட்டு வரட்டா? குடிக்கியளா?” என்றாள். “வாங்கிட்டு வா.” அவள் எழுந்து, கூடையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலு எட்டு போய்த் திரும்பி வந்து, “நான் வாரதுக்குள்ள கூப்பிட்டாவன்னா போயிருங்க. நல்ல சேதி சொல்லும்போது நான் இல்லாம இருக்கேன் பாருங்க,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எவ்வளவோ சுளுவாக இருந்திருக்கும். அவள் நடைபாதையின் கோடியில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்கேல் வெளியே வந்து மருந்துச் சீட்டுக்காகச் சுவரோரம் நின்றார், முகத்தில் ஒரு தெளிவு. பார்க்கப் பொறாமையாக இருந்தது. எந்தப் பணக்காரனைப் பார்த்தும் சொரிமுத்து அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. “சொரிமுத்து!” என்றாள் நர்ஸ்.

உள்ளே மின்விசிறிக் காற்றில் மேசைத் துணி படபடத்தது. டாக்டர் நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கண்களையும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். சின்ன வயசுதான், மேலப்பாளையத்துப் பெண், மகளுக்கு ஒரு அக்கா இருந்தால் இந்த வயசு இருக்கும். அவரைப் பார்த்ததும் முகம் மாறியது. அதை சொரிமுத்து நன்றாகவே பார்த்தார். வெயிலில் அலைந்து வந்தவர் மோர்ப்பானையைப் பார்த்த மாதிரி இருந்தது. “வாங்க வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்,” என்றார். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். உட்கார்ந்தார். அட்டைக்குழல் கைக்கு வந்தது. ஊதாமல் வைத்துவிடலாம். டாக்டர், இது வேண்டாம், இதை நம்பாதிய என்று சொல்லலாம். வாயில் வைத்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார், அந்தப் பிடித்த மூச்சுக்குள் மதகும் விடியற்காற்றும் தீக்குச்சியின் கந்தகமும் சேர்ந்து வந்தன, ஒரே ஒரு இழுப்பு, ஒன்றே ஒன்று, இந்த அறையை விட்டு வெளியே போனதும் ஒன்று. ஊதினார். பச்சை. “மாஷா அல்லாஹ்,” என்றார் டாக்டர், வாய்க்குள். “காலைல இருந்து வந்தவங்க எல்லாருக்கும் கூட்டி எழுதிட்டே இருக்கேன். ஒருத்தர் அழுதுட்டே போறார். நான் பாக்குற வேலையில அர்த்தம் இருக்கான்னு சில நாள் தோணுது. உங்களுக்கு மட்டும்தான் குறைச்சு எழுதுறேன்.” பேனாவைத் திறந்தார். சொரிமுத்துவின் வாயில் வாக்கியம் வந்து நின்றது. முழுசாக வந்து நின்றது, பாதிப் பொய்கூட இல்லாமல். “டாக்டர், ஒரு விசயம்,” என்றார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. டாக்டர் தலையை நிமிர்த்தி, பேனாவைத் தூக்கிப் பிடித்து, முழுக் காதையும் கொடுத்து, “சொல்லுங்க,” என்றார். சிரித்த முகம் சிரித்தபடியே காத்திருந்தது. அதை உடைக்கவேண்டும். கை ஓங்கி உடைப்பது மாதிரிதான். இவ்வளவு களைத்துப் போன ஒரு பிள்ளையின் முகத்தில். “ஒட்டுத எடத்துல கொஞ்சம் அரிக்கி டாக்டர்,” என்றார். “அவ்வளவுதானா, பயந்துட்டேன்,” என்று டாக்டர் சிரித்தார். “எடத்தை மாத்தி மாத்தி ஒட்டுங்க. இன்னைக்கு வலதுன்னா நாளைக்கு இடது. கால் எப்படி இருக்கு?” “இருக்கு டாக்டர்.” “சர்ஜரிலயும் கேட்டாங்க, ஒழுங்கா இருக்கார்னு சொல்லிருக்கேன். கடைசி அளவு இது, சின்னது. இதுவும் முடிஞ்சா அப்புறம் நீங்க இங்க வரவே வேண்டாம்.” வரவே வேண்டாம். அவர் கைகூப்பினார். எதற்குக் கூப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை.

எழுந்தவரை டாக்டர் விடவில்லை. “ஒரு நிமிசம் வாங்க, எனக்கு ஒரு உதவி,” என்று கூடவே வந்து திரையை விலக்கினார். வெளியே மிக்கேல் அதே சுவரோரம் நின்றார். ஆவுடை காகிதக் கோப்பையில் டீயோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். “மிக்கேல், இவர்கிட்டப் பேசுங்க. உங்க மாதிரிதான் வந்தார், இப்போ விட்டுட்டார். நான் சொல்றதவிட இவர் சொன்னா உங்களுக்கு ஏறும்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிக்கேல் நெருங்கி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சொரசொரப்பான கை, சூடாக இருந்தது. “எப்படி அண்ணாச்சி விட்டிய?” என்றார். கேலி இல்லை, மரியாதைக்குக் கேட்டதும் இல்லை. மூச்சு முட்டுகிறவர் கேட்கிற கேள்வி. சொரிமுத்து ஆவுடையைப் பார்த்தார். அவள் டீயை ஆற்றக்கூட மறந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஓடுகிற கால் இல்லை. பிறகு என்ன ஆச்சரியம், வாய் தானாகப் பேசத் தொடங்கியது, அதுவும் தடங்கலே இல்லாமல். “பட்டையைப் பிய்க்காதிய,” என்றார். “என்ன ஆனாலும் பிய்க்காதிய. குளிச்சு முடிச்சு ஈரத்தைத் துடைச்சிட்டு ஒட்டிட்டியன்னா மறுநாள்தான் தொடணும். காலைல தனியா எங்கயும் போய் உக்காராதிய. வாய்க்கா, மதகு, அந்த மாதிரி எடமே ஆகாது. நடக்கணும்னா வீட்டு ஆளைக் கூட்டிட்டு நடங்க. தேடும், கண்ணுல தண்ணி வர்ற மாதிரித் தேடும், ஆனா அது நிக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம், வாயில அந்த மருந்தைப் போட்டுட்டு யாருகூடயாவது பேசிட்டு இருந்தியன்னா போயிரும்.” ஒவ்வொன்றும் உண்மை. அவருக்குத் தெரியாததே இல்லை. மிக்கேல் தலையாட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார். ஆவுடை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிடித்த கை அவரை விடவில்லை. “அப்புறம் அண்ணாச்சி?” என்றார் மிக்கேல். சொரிமுத்து எச்சிலை விழுங்கினார். “டாக்டர்ட்ட மட்டும் பொய் சொல்லிராதிய தம்பி,” என்றார். “முடியலைன்னா முடியலைன்னே சொல்லுங்க, இன்னைக்குச் சொன்னியள்ளா, அந்த மாதிரி. கூட்டித் தருவாவ. வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம இருந்தோம்னு வைங்க…” மிக்கேல் இன்னும் கிட்ட வந்தார். “சொல்லாம இருந்தா என்ன அண்ணாச்சி ஆகும்?” என்று கேட்டார்.

“கால் போயிரும்,” என்றார் சொரிமுத்து.